கேள்வி – பதில்: யவனர் தேசம்

கேள்வி: பண்டைய கிரேக்கர்கள் பேசியது ஒரே மொழி, கும்பிட்டதும் ஒரே தெய்வங்களை. அப்படியும் ஏன் ஒரே அரசாகச் சேரவில்லை?

பதில்: வரைபடத்தைத் திறந்து பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். அந்த நிலத்தில் பெரும்பகுதி மலை. நடுநடுவே சின்னச் சின்னச் சமவெளிகள், அங்கங்கே ஓர் ஊர், அந்த ஊரே ஒரு நாடு. அதற்குப் ‘போலிஸ்’ என்று பெயர் (நாம் சொல்லும் போலீஸுக்கும் வேர் அதுதான்). இப்படிப் பல நூறு போலிஸ்கள். மலையேறி அடுத்த சமவெளிக்குப் போவதைவிட, படகேறித் தீவுக்குப் போவது சுலபம் என்பதால், கொரிந்து நகரத்தார் சிசிலியில் போய் சிரக்கூஸை அமைத்தார்கள், வேறு சிலர் இன்றைய பிரான்சின் மார்செய் வரை போய்க் குடியேறினார்கள். ‘குளத்தைச் சுற்றித் தவளைகள் போல நாம் கடலைச் சுற்றி வாழ்கிறோம்’ என்று சாக்ரடீஸ் சொல்வதாக பிளேட்டோ எழுதியிருக்கிறார்.

ஆனால் எல்லாப் பழியையும் மலைமேல் போட முடியாது. தீபஸ் நகரம் இருந்த பியோஷியாப் பகுதியில் நல்ல அகலமான சமவெளி உண்டு, அங்கேயும் பல போலிஸ்கள்தான். தன் ஊர்ச் சட்டத்தை இன்னொரு ஊர்க்காரன் எழுதுவதை யாரும் விரும்பவில்லை. கடைசியில் கி.மு. 338இல் கைரோனியா போரில் வடக்கே இருந்த மாசிடோனியாவின் மன்னர் பிலிப் ஜெயித்த பிறகுதான் பெரும்பாலான நகரங்கள் ஒரு கையின் கீழ் வந்தன, அதுவும் மனமொப்பி அல்ல.

கேள்வி: தத்துவம் பிறந்த ஊர் ஏதென்ஸ்தானே?

பதில்: இல்லை. சாக்ரடீஸ் பிறப்பதற்கு நூறு வருடத்துக்கும் முன்பே மைலீட்டஸில் ஆரம்பித்துவிட்டது. அது இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில் இருந்த துறைமுகம். அந்தப் பகுதிக்கு அயோனியா என்று பெயர். பாரசீகர் வாயில் அது ‘யௌனா’ ஆகி, வடமொழியில் ‘யவன’ ஆகி, நம் சங்கப் பாடல்களில் ‘யவனர்’ என்று வந்து இறங்கியது. எல்லாவற்றுக்கும் மூலம் நீர் என்றார் மைலீட்டஸ்காரரான தேலீஸ். விடை தப்புதான், கேள்விதான் புதுசு: எந்தத் தெய்வம் செய்தது என்று கேட்காமல், எதனால் ஆனது என்று கேட்டார். அடுத்து வந்த அனாக்சிமாண்டர், பூமி எதன்மேலும் நிற்காமல் வெளியில் அப்படியே இருக்கிறது என்றார். ஏன் அங்கே என்றால், எகிப்து, பாபிலோன், ஃபினீசியா என்று பல தேசத்துச் சரக்கும் பல தேசத்துக் கதையும் வந்துசேரும் துறைமுகம் அது. ஒரே உலகத்துக்கு நாலு விதமான படைப்புக் கதைகளைக் கேட்டவனுக்குச் சந்தேகம் வராமல் இருக்குமா? இது என் ஊகம்தான், ஆனால் இதைவிட நல்ல காரணம் எனக்குத் தோன்றவில்லை. பாவம், மியாண்டர் ஆறு வண்டல் கொட்டிக் கொட்டி அந்தத் துறைமுகத்தையே மூடிவிட்டது. இன்று இடிபாடுகளுக்கும் கடலுக்கும் நடுவே பல கிலோமீட்டர் வயல்வெளி.

கேள்வி: ஏதென்ஸ் ஜனநாயகத்தை ஓகோவென்று புகழ்கிறார்களே, பெண்களுக்கும் அடிமைகளுக்கும் அதில் இடமே இல்லையே?

பதில்: இல்லைதான், அதை மழுப்ப வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து வந்து தலைமுறையாகக் குடியிருந்தவர்களுக்கும் ஓட்டு கிடையாது. ஆனால் ஓட்டு இருந்தவர்களிடையே அவர்கள் செய்த காரியம் இன்றைக்கும் ஆச்சரியம். 500 பேர் கொண்ட சபைக்குத் தேர்தலே கிடையாது, குலுக்கல்தான். ஒரு வருடப் பதவி, வாழ்நாளில் 2 முறைக்கு மேல் கூடாது. அன்றாடத் தலைவர் பதவி ஒரே ஒரு நாளுக்கு, அதுவும் குலுக்கலில். கருவூலச் சாவி அந்த ஒரு நாள் அவர் கையில்.

பெரிய மனிதர்கள் ஆட்டம் போடாமல் இருக்க இன்னொரு வழி: உடைந்த பானை ஓட்டில் ஒரு பெயரைக் கீறிப் போடுவார்கள், அதிக ஓடு விழுந்தவர் 10 வருடம் ஊரைவிட்டுப் போக வேண்டும். நேர்மைக்குப் பேர்போன ஏதென்ஸ் தலைவர் அரிஸ்டைடீஸிடமே எழுதத் தெரியாத ஒருவர் வந்து, அவர் யாரென்று தெரியாமல், ‘அரிஸ்டைடீஸ் பெயரை எழுதிக் கொடுங்கள்’ என்றாராம். அவர் உங்களுக்கு என்ன கெடுதல் செய்தார் என்று கேட்டால், ‘ஒன்றுமில்லை, நீதிமான் நீதிமான் என்று கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது’ என்று பதில். அரிஸ்டைடீஸ் பேசாமல் எழுதிக் கொடுத்தார் என்கிறது, பெரிய மனிதர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய புளூட்டார்க் சொல்லும் கதை. கதை உண்மையோ இல்லையோ, அவர் பெயர் கீறிய ஓடுகள் தோண்டி எடுக்கப்பட்டிருக்கின்றன.

கேள்வி: கிரேக்கச் சிலைகள் எல்லாம் ஏன் வெள்ளை வெளேரென்று இருக்கின்றன?

பதில்: இருக்கவில்லை. சிவப்பும் நீலமும் மஞ்சளுமாகப் பூசியிருந்தார்கள். மண்ணிலும் மழையிலும் சாயம் போய்விட்டது, அவ்வளவுதான்.

கேள்வி: அந்தக் காலத்தில் பிறக்கச் சொன்னால் ஏதென்ஸா, ஸ்பார்ட்டாவா?

பதில்: பெண்ணாக என்றால் ஸ்பார்ட்டா. அங்கே குடிமக்கள் வீட்டுப் பெண்கள் சொந்தமாக நிலம் வைத்திருக்கலாம், வெட்டவெளியில் ஓட்டப்பயிற்சி எடுக்கலாம். ஏதென்ஸில் வசதியான வீட்டுப் பெண் வாசலைத் தாண்டினாலே பேச்சு வரும். ஆணாக என்றால் ஏதென்ஸ், 7 வயதில் என்னைப் படைமுகாமுக்குக் கொண்டுபோக வேண்டாம். ஆனால் நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது. ஸ்பார்ட்டாவின் வயலில் உழைத்த ஹெலட் என்ற பண்ணையடிமையாகவோ, ஏதென்ஸின் லாரியன் வெள்ளிச் சுரங்கத்தில் குனிந்து வெட்டிய அடிமையாகவோ பிறக்கவும் நிறையவே வாய்ப்புண்டு. அதனால் நான் இந்தக் குலுக்கலுக்கே வரவில்லை.