ஐவரியா, லைட் கிரேயா?

கேள்வி: நங்கநல்லூரில் முதல் மாடி ஃபிளாட். ஹாலுக்கு பெயிண்ட் அடிக்க வேண்டும். எனக்கு ஐவரி பிடித்திருக்கிறது. "இப்போ எல்லாரும் லைட் கிரேதான் சார் அடிக்கிறாங்க" என்கிறார் பெயிண்டர். ஜன்னலுக்கு நாலடி தள்ளி பக்கத்து வீட்டுச் சுவர், பகலிலும் எல்.இ.டி. டியூப் எரியும். தரை கிரீம் டைல்ஸ். எதை எடுக்கலாம்?

பதில்: ஐவரியே அடியுங்கள். பெயிண்டர் உங்கள் ஹாலில் குடியிருக்கப் போவதில்லை.

நம் வீடுகளில் எரியும் வெள்ளை டியூப் பெரும்பாலும் 6500 கெல்வின், அதாவது நீலம் கலந்த வெளிச்சம். லைட் கிரேயில் பல சமயம் ஒரு துளி நீலமோ பச்சையோ ஒளிந்திருக்கும். கடையில் கண்ணுக்குப் படாது. உங்கள் டியூபுக்குக் கீழே வெளியே வந்துவிடும். பக்கத்தில் கிரீம் டைல்ஸ் வேறு பழுப்பேறிய மாதிரி தெரியும். நானும் ஷேட் கார்டை நம்பி படுக்கையறைக்கு கிரே அடித்தவன்தான். ராத்திரி லைட்டைப் போட்டால் ஆஸ்பத்திரி வராந்தா! மேற்கு வெயில் கொட்டும் அறையென்றால் நானே கிரேதான் சொல்லியிருப்பேன். அங்கே ஐவரி சாயங்காலம் மஞ்சளடித்துப் போகும்.

ஷேட்டின் விவரத்தில் எல்.ஆர்.வி. என்று ஓர் எண் இருக்கிறதா பாருங்கள். அந்த நிறம் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பித் தருகிறது என்பதை 0 முதல் 100 வரை சொல்லும் அளவு அது. உங்கள் ஹாலுக்கு 70-க்குக் கீழே வேண்டாம்.

ஆனாலும் சின்ன டப்பா ஒன்று வாங்கிப் பார்த்துவிடுங்கள். பெரிய வெள்ளை சார்ட் அட்டையில் இரண்டு கோட். பழைய சுவரிலேயே அடித்தால் சுற்றியிருக்கும் நிறம் கண்ணை ஏமாற்றும். காய்ந்ததும் அட்டையை டைல்ஸை ஒட்டி, சுவரில் சாய்த்து நிறுத்தி, பகலில் ஒருமுறை, ராத்திரி ஒருமுறை பாருங்கள்.

அப்புறம், மெஷினில் கலந்து தரும்போது ஷேட் கோடு நம்பரையும், எந்த பேஸில் (நிறம் சேர்க்கும் அடிப்படை பெயிண்ட்) கலந்தார்கள் என்பதையும் பில்லில் எழுதி வாங்குங்கள். "வேற கம்பெனியில அதே ஷேட் போட்டுத் தரேன்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள், அச்சு அசலாக வராது. பட்டி பார்த்த சுவரில் மேடு பள்ளம் இருந்தால் மேட் ஃபினிஷே சரி; பளபளப்பு கூடக் கூட அத்தனையும் தெரியும்.