பெயர் ‘புனிதர்’, தொழில் வில்லன்: எல் சாந்தோ பற்றிக் கேள்வி பதில்

மல்யுத்த வீரர் எட்டி குரேரோவைப் பற்றி முன்பு பேசும்போது, “அவருடைய அப்பாவும் எல் சாந்தோவும் ஒரு காலத்தில் ரிங்கில் ஜோடி” என்று போகிற போக்கில் ஒரு வரி சொல்லியிருந்தேன். எட்டியை விட்டுவிட்டு எல்லாரும் அந்த வரியைப் பிடித்துக்கொண்டீர்கள். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டு, மற்றவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அண்ணா, சாந்தோ யார் என்றே எனக்குத் தெரியாது. சுருக்கமாகச் சொல்லுங்களேன்.

மெக்சிகோவின் முகமூடி மல்யுத்த வீரர்களில் மிகப் பெரிய பெயர். அங்கே இந்த விளையாட்டுக்கு ‘லூச்சா லிப்ரே’ என்று பெயர். 1917 செப்டம்பர் 23 அன்று இடால்கோ மாநிலத்தில் துலான்சிங்கோ என்ற ஊரில் பிறந்தார். இயற்பெயர் ரொடால்ஃபோ குஸ்மான் ஹுயர்தா. சிறு வயதிலேயே குடும்பம் மெக்சிகோ சிட்டிக்கு வந்து தெபீத்தோ பேட்டையில் குடியேறியது. குத்துச்சண்டைக்காரர்களுக்குப் பேர்போன ஏழைப் பேட்டை அது. கூடப் பிறந்தவர்களிலும் சிலர் மல்லர்கள். ‘சாந்தோ’ என்றால் புனிதர். அந்தப் பெயரோடும் வெள்ளி நிற முகமூடியோடும் 1942 முதல் 1982 வரை ரிங்கில் இருந்தார். நடுவில் 52 படங்களிலும் நடித்தார்.

கேள்வி: ஆரம்பத்திலிருந்தே வெள்ளி முகமூடிதானா?

இல்லை. 1930களின் நடுவில் தொழிலுக்கு வந்தவர், ஏழெட்டு வருஷம் பெயர் தேடி அலைந்திருக்கிறார். ரூடி குஸ்மான் என்று வெறும் முகத்தோடு ஆடினார். சிவப்பு மனிதன், கறுப்புப் பேய் என்றெல்லாம் வேஷம் கட்டிப் பார்த்தார். எதுவும் ஒட்டவில்லை. அப்புறம் ‘இரண்டாவது வௌவால்’ என்று வந்தார். அங்கேதான் சிக்கல். ‘வௌவால்’ என்று ஏற்கெனவே ஒருவர் இருந்தார்: முர்சியேலாகோ வெலாஸ்கெஸ். பையில் உயிருள்ள வௌவால்களைக் கொண்டுவந்து ரிங்கில் பறக்கவிடுவார் என்று சொல்வார்கள். இவ்வளவு மெனக்கெட்டுச் சம்பாதித்த பெயரை இன்னொருவன் போட்டுக்கொண்டால் சும்மா இருப்பாரா? மல்யுத்த ஆணையத்தில் புகார் கொடுத்தார், தீர்ப்பும் அவர் பக்கமே வந்தது.

பெயர் பறிபோன நிலையில் நின்றவருக்கு, ஹெசூஸ் லொமெலி என்ற மேலாளர் மூன்று பெயர்களைச் சொன்னார்: தேவதை, சாத்தான், புனிதர். குஸ்மான் மூன்றாவதை எடுத்துக்கொண்டார். 1942 ஜூலை 26 அன்று எட்டுப் பேர் ஒரே நேரத்தில் மோதும் ஆட்டத்தில் எல் சாந்தோவாக முதல்முறை வந்தார். உடை முழுக்க வெள்ளி நிறம்.

கேள்வி: புனிதர் என்று பெயர் வைத்துக்கொண்டு நல்லவராகத்தானே ஆடியிருப்பார்?

எல்லாரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். அவர் கதையிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

லூச்சாவில் இரண்டு கட்சி உண்டு. ‘டெக்னிக்கோ’ என்றால் நுணுக்கம் தெரிந்து, விதிப்படி ஆடுபவர். ‘ரூடோ’ என்றால் முரடர்: நடுவர் அந்தப் பக்கம் திரும்பினால் கண்ணில் குத்துவார், எதிராளியின் முகமூடியைக் கிழிப்பார். சாந்தோ ரூடோ. ஒரு வருஷம் இரண்டு வருஷம் இல்லை, ஏறக்குறைய இருபது வருஷம். ஜனங்கள் அவரைக் கூச்சல் போட்டுத் திட்டுவதற்காகவே டிக்கெட் வாங்கினார்கள். பெயர் புனிதர், செய்வதெல்லாம் அக்கிரமம். கத்தோலிக்க நாட்டில் இதைவிட நல்ல வில்லன் பெயர் கிடைக்குமா? லொமெலி சொன்ன மூன்றில் ‘சாத்தான்’ என்று வைத்திருந்தால் நூறோடு நூற்றொன்றாகப் போயிருப்பார் என்பது என் கணிப்பு.

1940களில் கோரி குரேரோவோடு சேர்ந்து ‘அணு ஜோடி’ என்று ஆடினார். இரண்டு பேரும் ரூடோ. இந்த கோரிதான் எட்டியின் அப்பா. சாந்தோ டெக்னிக்கோ பக்கம் வந்தது 1960களின் தொடக்கத்தில். அதற்குள் காமிக்ஸிலும் சினிமாவிலும் அவர் ஏழைகளைக் காக்கும் நாயகனாகிவிட்டார். சனிக்கிழமை திரையில் பேயிடமிருந்து குழந்தையைக் காப்பாற்றிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ரிங்கில் எதிராளியின் கண்ணைக் குத்தினால் யார் ஒப்புக்கொள்வார்கள்? ஆக, சினிமா ரிங்கைத் திருத்தியது என்பேன்.

கேள்வி: முகமூடி போடுவது ஆஸ்டெக் காலத்துப் பழக்கம் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். உண்மையா?

கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் லூச்சா முகமூடியின் நேரடிக் கதை அவ்வளவு பழையது இல்லை. சால்வதோர் லுத்தெரோத் 1933இல் தன் மல்யுத்த நிறுவனத்தைத் தொடங்கினார். பெயர் மாறி இன்றும் அது நடக்கிறது. மறுவருஷம் அமெரிக்காவிலிருந்து வந்த சைக்ளோன் மக்கே என்ற மல்லர் முகமூடி கேட்டார். அதைத் தைத்துக் கொடுத்தவர் அன்டோனியோ மார்டினெஸ். லியோன் நகரத்துச் செருப்புத் தொழிலாளி, மல்யுத்த வீரர்களுக்கு பூட்ஸ் செய்து கொடுத்துக்கொண்டிருந்தவர். லூச்சா முகமூடியின் பின்பக்கம் பூட்ஸுக்குப் போடுவது மாதிரியே கயிறு கோத்து இறுக்கிக் கட்டியிருப்பதை எப்போதாவது கவனியுங்கள். செருப்புக்காரர் கை அது. இறுக்கமாக இருந்தால்தான் சண்டையில் நழுவாது. அவிழ்ப்பதும் ஒரு சடங்கு மாதிரி மெதுவாக நடக்கும்.

கேள்வி: முகமூடியைப் பந்தயம் வைப்பார்களாமே, சார்? தோற்றால் என்ன ஆகும்?

‘லூச்சா தே அபுவெஸ்தாஸ்’, அதாவது பந்தயச் சண்டை. முகமூடிக்கு முகமூடி, அல்லது முகமூடிக்குத் தலைமுடி. முகமூடி இல்லாதவர் தோற்றால் ரிங்கிலேயே மொட்டை. முடி வளர்ந்துவிடும், அதனால் அது சின்னப் பந்தயம். முகமூடி போனால் போனதுதான். தோற்றவர் தன் கையாலேயே கயிற்றை அவிழ்த்து, எல்லார் முன்னாலும் உண்மைப் பெயரையும் ஊரையும் தொழிலில் எத்தனை வருஷம் என்பதையும் சொல்ல வேண்டும். மறுநாள் பத்திரிகையில் முகம் வந்துவிடும். சாதாரண ஆட்டத்தில் எதிராளியின் முகமூடியைக் கழற்றினால் தகுதிநீக்கம். அதையும் மீறி ரூடோக்கள் இழுப்பார்கள், அது வேறு.

சாந்தோவின் வாழ்க்கையில் பெரிய பந்தயம் 1952 நவம்பர் 7 அன்று மெக்சிகோ சிட்டியின் அரினா கொலிசேயோ அரங்கில் நடந்தது. எதிரே பிளாக் ஷேடோ. மொத்தம் மூன்று சுற்று, இரண்டு ஜெயித்தவர் வெற்றி. சாந்தோ ஜெயித்தார். பிளாக் ஷேடோ முகமூடியைக் கழற்றியபோது அதற்குள் இருந்தவர் அலெஹான்ட்ரோ குரூஸ். லூச்சா வரலாற்றிலேயே முக்கியமான ஆட்டம் எது என்று பழைய ரசிகரிடம் கேட்டால் பெரும்பாலும் இதைத்தான் சொல்வார்.

கேள்வி: ப்ளூ டீமன் அவருக்கு நண்பரா, எதிரியா? படங்களில் சேர்ந்து வருகிறார்கள்.

படத்தில் கூட்டாளி, ரிங்கில் எதிரி. பிளாக் ஷேடோவும் ப்ளூ டீமனும் ‘ஷேடோ சகோதரர்கள்’ என்று ஜோடியாக ஆடியவர்கள். ரத்த உறவு இல்லை. ‘சகோதர’ரின் முகமூடி போனதும், அதுவரை ரூடோவாக இருந்த ப்ளூ டீமன் டெக்னிக்கோ பக்கம் தாவினார். பழி தீர்க்கக் கிளம்பியவர் 1953இல் சாந்தோவைத் தோற்கடித்து ‘வெல்டர்வெயிட்’ என்ற எடைப் பிரிவின் உலகப் பட்டத்தைப் பறித்தார். 1956 ஏப்ரல் 27 அன்று இப்போதுள்ள அரினா மெக்சிகோ அரங்கத்தைத் திறந்தபோதும் முக்கிய ஆட்டத்தில் எதிரெதிர் அணியில் இந்த இரண்டு பேரும்தான்.

ஆனால் முகமூடிக்கு முகமூடி என்று இருவரும் கடைசிவரை மோதவே இல்லை. வியாபாரம் தெரிந்த எவரும் அந்த ஆட்டத்தை நடத்தமாட்டார்கள். யார் தோற்றாலும் இரண்டு பெரிய பெயர்களில் ஒன்று காலி.

கேள்வி: எல்லாம் முன்கூட்டியே பேசி வைத்த நடிப்புதானே? இதற்கு இவ்வளவு ஆராய்ச்சியா?

முடிவு பேசி வைத்ததுதான். விழுவது பேசி வைத்தாலும் முதுகு வலிக்கத்தானே செய்யும்? கூத்து பார்க்கப் போகிறவர் துரியோதனன் நிஜமாகவே செத்தானா என்று கேட்பதில்லை. அடுத்த கேள்வி.

கேள்வி: அவருடைய தனி முத்திரைப் பிடி எது?

‘லா தே ஆ கபாயோ’, குதிரையேறும் பிடி. குப்புறக் கிடப்பவரின் முதுகில் உட்கார்ந்து, அவருடைய கைகளைத் தன் தொடைகளுக்கு மேல் போட்டுக்கொண்டு, தாடையில் இரண்டு கையையும் கோத்துப் பின்னால் இழுப்பது. டிவியில் ‘கேமல் கிளட்ச்’ என்று கேட்டிருப்பீர்கள், அதுதான். ஸ்பானிஷ்காரருக்குக் குதிரை, இங்கிலீஷ்காரருக்கு ஒட்டகம். கண்டுபிடித்தவர் கோரி குரேரோ, ஊரெல்லாம் பரப்பியவர் சாந்தோ. கயிறுகளுக்கு நடுவே வெளியே பாய்ந்து எதிராளியைத் தலையால் முட்டுவதும் அவருடைய வழக்கம்.

உண்மையைச் சொன்னால், பிடி நுணுக்கத்தில் அவர் காலத்திலேயே அவரைவிடக் கெட்டிக்காரர்கள் இருந்தார்கள். 1943 ஏப்ரல் 2 அன்று அரினா கொலிசேயோவின் முதல் நாள் முக்கிய ஆட்டத்தில் அவரைத் தோற்கடித்த தார்சான் லோபெஸ் அப்படிப்பட்டவர்.

கேள்வி: படங்கள் எப்படி? எதிலிருந்து தொடங்கலாம்?

முதலில் காமிக்ஸ். 1952இல் ஹொசே ஜி. குரூஸ் அவரை வைத்துப் படக்கதை தொடங்கினார். புகைப்படங்களை வெட்டி ஒட்டி, மேலே வரைந்து செய்த கதைகள். சுமார் 35 வருஷம் ஓடியது. ரிங்குக்குப் போக வசதியில்லாத பையனுக்கும் சாந்தோ கிடைத்தது அதன் வழியாகத்தான்.

அதே சமயத்தில் ‘வெள்ளி முகமூடிக்காரர்’ என்றே ஒரு படம் எடுக்க வந்தார்கள். சாந்தோ ஒப்புக்கொள்ளவில்லை. அவருடைய பட்டப்பெயரில் எடுத்த படத்தில் எல் மெடிக்கோ அசெசினோ என்ற வேறொரு மல்லர் நடித்தார்! சாந்தோவின் முதல் இரண்டு படங்கள் 1958இல் கியூபாவில் எடுத்தவை. புரட்சி வாசலில் நின்ற நேரம். அவற்றில் அவருக்குப் பெரிய வேஷம் இல்லை.

தொடங்குவதற்கு 1962இல் வந்த ‘சாந்தோவும் ரத்தக்காட்டேரிப் பெண்களும்’ சரி. செட் செலவு குறைவு, கதை பொத்தல், ஆனாலும் ஒரு மயக்கம் இருக்கிறது. அமெரிக்க டப்பிங்கில் அவர் பெயரை ‘சாம்ஸன்’ என்று மாற்றியிருப்பார்கள், குழம்ப வேண்டாம். ஸ்பானிஷில் கேட்டாலும் பல படங்களில் குரல் அவருடையது இல்லை. முகமும் தெரியாது, குரலும் வேறு. மிஞ்சியது உடம்பும் முகமூடியும். அதற்கே கூட்டம் வந்தது. குவானஹுவாத்தோ நகரத்து மம்மிகள் வரும் படத்தில் சாந்தோ, ப்ளூ டீமன், இன்னொரு முகமூடி மல்லரான மில் மாஸ்கராஸ் என்று மூன்று பேரும் ஒன்றாக வருகிறார்கள். அது இரண்டாவதாகப் பாருங்கள்.

கேள்வி: நிஜமாகவே முகத்தை யாருக்கும் காட்டவில்லையா? சாப்பிடுவது எப்படி, பயணம் எப்படி?

சாப்பிடுவதற்கென்று தாடைப் பக்கம் திறந்த முகமூடி வைத்திருந்தார். வெளிநாட்டுப் படப்பிடிப்புக்குப் போகும்போது படக்குழுவினரோடு ஒரே விமானத்தில் ஏறமாட்டார் என்பார்கள். குடியேற்றச் சோதனையில் கழற்றித்தானே ஆக வேண்டும், கூட வேலை செய்பவர்களும் பார்த்துவிடக் கூடாது என்று.

கேள்வி: நான் ரே மிஸ்டீரியோ பார்த்து வளர்ந்தவன். அவர் முகமூடி இல்லாமல் ஆடிய வீடியோ இருக்கிறதே?

ஆமாம் தம்பி. 1999 பிப்ரவரியில் டபிள்யூசிடபிள்யூ என்ற அமெரிக்க மல்யுத்தக் கம்பெனியில் பந்தயத்தில் தோற்றுக் கழற்றினார். 2002இல் இன்னொரு கம்பெனியான டபிள்யூடபிள்யூஇக்கு வந்தபோது மறுபடி மாட்டிக்கொண்டார். அமெரிக்கக் கம்பெனிக்கு முகமூடி என்றால் கடையில் விற்கிற சரக்கு. மெக்சிகோவில் பழைய ரசிகர்கள் இதை லேசில் விழுங்கவில்லை. எனக்கும் ரே பிடிக்கும், ஆனால் இந்த விஷயத்தில் நான் அவர்கள் பக்கம்.

கேள்வி: கடைசிக் காலம் எப்படி?

1982 செப்டம்பர் 12, தோரேயோ தே குவாத்ரோ கமினோஸ் அரங்கில் கடைசி ஆட்டம். 65 வயது நிரம்ப இன்னும் பதினொரு நாள். அவர் பக்கம் நின்றவர்களில் ஒருவர் கோரி குரேரோ. அணு ஜோடி கிழவர்களாகி மறுபடி ஒன்றாக நின்றது. அதே வருஷம் அவருடைய கடைசி மகனும் ரிங்குக்கு வந்தார். பெயர் ‘எல் இஹோ டெல் சாந்தோ’, சாந்தோவின் மகன். அதே வெள்ளி முகமூடி.

1984 ஜனவரி கடைசியில் ஹகோபோ சப்லுதோவ்ஸ்கி நடத்திய டிவி நிகழ்ச்சியில் உட்கார்ந்திருந்தவர், முகமூடியைச் சற்று மேலே தூக்கி முகத்தைக் காட்டினார். முழுவதும் கழற்றவில்லை. பிப்ரவரி 5ஆம் தேதி, தெயாத்ரோ பிளான்கீத்தாவில் மேடை நிகழ்ச்சி முடித்த பிறகு மாரடைப்பு. அன்றே போய்விட்டார். முகமூடியோடுதான் புதைத்தார்கள்.

கேள்வி: அந்த டிவி வீடியோ இணையத்தில் இருக்கிறதா? முகம் எப்படி இருக்கும்?

தேடினால் கிடைக்கும். நான் பார்த்தேன். ரேஷன் கடை வரிசையில் நமக்கு முன்னால் நிற்கும் ஒரு பெரியவர் மாதிரி இருந்தார். பார்த்திருக்க வேண்டாமோ என்று தோன்றியது. நீங்கள் பார்ப்பதும் விடுவதும் உங்கள் இஷ்டம்.