ஆஸ்திரேலியப் பாலையின் ஸ்பினிஃபெக்ஸும் நம்மூர் ராவணன் மீசையும் ஒரே புல்லா?

இல்லை. ஆனால் குழம்பியது உங்கள் தப்பில்லை, பேரோட தப்பு.

தாவரவியலில் ஸ்பினிஃபெக்ஸ் என்பது கடற்கரை மணலில் படரும் புல்லின் பேரினம். தனுஷ்கோடிப் பக்கம் மணல்மேட்டைப் பிடித்து வைத்திருக்கும் ராவணன் மீசை அதில் ஒன்று. ஆஸ்திரேலியக் கடற்கரைகளிலும் அதன் பங்காளிகள் உண்டு. உள்நாட்டுப் பாலையில் வளர்வதோ ட்ரையோடியா என்ற வேறு பேரினம். ஆஸ்திரேலியாவுக்கு வெளியே தானாக வளர்வதில்லை. அதையும் அங்கே எல்லோரும் ஸ்பினிஃபெக்ஸ் என்றே சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டார்கள்.

நான் ஆஸ்திரேலியாவின் நடுவில் இருக்கும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஊரில் வேலை பார்த்தபோது ஆர்மிஸ்டன் பள்ளத்தாக்குப் பக்கம் நடக்கப் போனேன். செம்மண் சரிவெங்கும் ட்ரையோடியா, வெளிர்பச்சைப் புல் குத்துகளாக, தூரத்திலிருந்து மெத்தை போல. ராவணன் மீசை பார்த்து வளர்ந்தவனுக்கு இதெல்லாம் என்ன என்று அரைக்கால் சட்டையோடு நடுவில் புகுந்தேன். ஒவ்வொரு இலையும் தண்ணீர் வீணாகாதபடி நீளவாக்கில் சுருண்டு ஊசியாகிவிட்டது. குத்துவதோடு விடாது, நுனி தோலுக்குள் ஒடிந்து நின்றுவிடும்.

வயதான குத்து நடுவில் செத்து, வெளிப்பக்கம் மட்டும் வளர்ந்து வளையமாகிவிடும். சத்தில்லாத மணலிலும் பாறையிலும்தான் இதன் ராஜ்ஜியம். மாடுகளுக்கு இது பெரிதாகப் பிடிக்காது, கரையானுக்குக் கொண்டாட்டம். அந்தக் கரையானைத் தின்னப் பல்லிகள், அரணைகள் என்று உள்ளே ஒரு ஊரே இருக்கும். அழிந்தே போயிருக்கும் என்று பலர் நினைத்த இரவுக்கிளி 2013இல் மேற்குக் குயின்ஸ்லாந்தில் உயிரோடு படம் பிடிக்கப்பட்டதே, அது கூடு வைப்பதும் இந்த முள்மெத்தைக்குள்தான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இதன் பிசின். சில இனங்களில் மட்டும் உண்டு. பூர்வகுடிகள் புல்லை அடித்துத் தூளாக உதிர்த்து, நெருப்பில் காட்டி இளக்குவார்கள். ஆறினால் கல். ஈட்டி முனையைக் கம்போடு ஒட்ட அதுதான் பசை. அதே பிசினால்தான் பச்சையாக இருக்கும்போதே புல் பற்றிக்கொண்டு கரும்புகை விட்டு எரியும். அப்புறம் நல்ல மழை வந்தால் விதையிலிருந்து திரும்ப முளைக்கும்.

சரி, அடையாளம் எப்படி? மணலில் முள்பந்து காற்றில் உருண்டு ஓடினால் ராவணன் மீசை வகை, பெண் செடியின் கதிர் அது. செம்மண்ணில் குத்தாக உட்கார்ந்திருந்தால் ட்ரையோடியா. அதன் நடுவே நடக்க முழுக்கால் சட்டை போடுங்கள். என் முழங்காலுக்குக் கீழே ஒடிந்த முனை ஒன்று வெளியே வரப் பத்து நாள் ஆனது.