வருடா வருடம் கேஸ் ஏற்ற வேண்டுமா? ஏசி பராமரிப்பு கேள்வி பதில்

கேள்வி: சர்வீஸுக்கு வருபவர் ஒவ்வொரு வருடமும் "கேஸ் குறைஞ்சிருக்கு, ஏத்தணும்" என்கிறார். ஏற்றித்தான் ஆக வேண்டுமா சார்?

பதில்: ஏசியில் உள்ள கேஸ் ஓடி ஓடித் தீர்ந்துபோகிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறிச் சுற்றுகிறது. அது குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிவை அடைக்காமல் கேஸ் ஏற்றினால் அடுத்த வருடமும் இதே பேச்சுதான் வரும்.

முதலில் ஃப்ளேர் நட் இணைப்புகளை, அதாவது குழாய்கள் யூனிட்டோடு சேரும் இடத்து நட்டுகளை, பார்க்கச் சொல்லுங்கள். கேஸோடு கம்ப்ரசர் எண்ணெயும் வெளியேறுவதால் கசியும் இடத்தில் பிசுக்குப் படிந்து தூசி ஒட்டியிருக்கும். சோப்பு நுரை தடவினால் குமிழ் விடும். கசிவைச் சரிசெய்த பிறகு நைட்ரஜன் ஏற்றி பிரஷர் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் வேக்கம் பம்ப் போட்டு உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுத்துவிட்டு, எடை போட்டு கேஸ் ஏற்ற வேண்டும். எத்தனை கிராம் என்பது அவுட்டோர் யூனிட்டில் ஒட்டிய லேபிளிலேயே இருக்கும். வேக்கம் போடாமல் ஏற்ற வந்தால் தயங்காமல் தடுத்துவிடுங்கள். உள்ளே தங்கும் ஈரம் கம்ப்ரசரைத்தான் பாதிக்கும். ஏசி கேஸ் வகைகளில் ஆர்32 லேசாகத் தீப்பற்றக் கூடியது; ஆர்290 என்பது எளிதில் தீப்பற்றும் புரொப்பேனேதான். இந்த வேலையைப் பயிற்சி உள்ளவரிடம் மட்டும் கொடுங்கள்.

கேள்வி: இன்டோர் யூனிட் காயிலில் ஐஸ் கட்டுகிறது. குளிர்ச்சியும் இல்லை. இதுவும் கேஸ் பிரச்சினையா அண்ணா?

பதில்: இருக்கலாம், ஆனால் முதலில் ஃபில்டரைப் பாருங்கள். காயில் (கேஸ் ஓடும் குழாய்ச் சுருள்) மேல் போதுமான காற்று போகாவிட்டால் அதன் வெப்பநிலை 0 டிகிரிக்குக் கீழே இறங்கி, காற்றிலுள்ள ஈரம் அப்படியே உறைந்துவிடும். கூலிங்கை நிறுத்திவிட்டு ஃபேன் மோடில் மட்டும் ஓட விடுங்கள், தானாக உருகிவிடும். கத்தியோ ஸ்க்ரூ டிரைவரோ வைத்துச் சுரண்ட வேண்டாம் தம்பி, குழாயில் ஓட்டை விழும். ஃபில்டரைக் கழுவிப் போட்டும் மறுபடி ஐஸ் கட்டினால், காற்றைத் தள்ளும் உள் விசிறியான ப்ளோயரில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதுவும் சுத்தமாக இருந்தால்தான் கேஸைச் சந்தேகிக்க வேண்டும்.

கேள்வி: ஃபில்டரை எத்தனை நாளுக்கு ஒருமுறை கழுவுவது?

பதில்: தினமும் ஓடுகிற ஏசி என்றால் 2 வாரத்துக்கு ஒருமுறை. வெறும் தண்ணீர் போதும். நிழலில் காய வையுங்கள், வெயிலில் பிளாஸ்டிக் சட்டம் வளைந்துவிடும்.

கேள்வி: இன்டோர் யூனிட்டிலிருந்து சுவரில் தண்ணீர் வழிகிறது.

பதில்: ஏசியில் தண்ணீர் வருவது இயல்பு, அது வழி தவறி வருவதுதான் கோளாறு. டிரெயின் டிரேயில் பாசி போலக் கொழகொழவென்று படிந்து குழாயை அடைத்திருக்கும். வெளியே தொங்கும் குழாயின் முனை வாளித் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தாலும், நடுவில் மேடு பள்ளமாக வளைந்திருந்தாலும் தண்ணீர் இறங்காது. குழாய் சரிவாகவே போகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: போட்டவுடன் ஈரத்துணி வாடை அடிக்கிறது. ரூம் ஸ்ப்ரே அடிக்கலாமா?

பதில்: வேண்டாம்மா, அது காயிலில் ஒட்டி இன்னும் அழுக்கு சேர்க்கும். ஈரமான காயிலில் பூஞ்சை வளர்வதால்தான் அந்த வாடை. ஏசியை நிறுத்துவதற்கு முன் கால் மணி நேரம் ஃபேன் மோடில் ஓட்டிக் காயிலை உலர விடுங்கள். ஏற்கெனவே பிடித்த பூஞ்சைக்கு ப்ளோயரைக் கழற்றிக் கழுவும் சர்வீஸ்தான் வழி.

கேள்வி: 18-ல் வைத்தால் சீக்கிரம் குளிருமா?

பதில்: இன்வெர்ட்டர் இல்லாத சாதாரண ஏசியில் குளிராது. 18 வைத்தாலும் 24 வைத்தாலும் கம்ப்ரசர் ஒரே வேகம்தான். 18-ல் நிற்காமல் ஓடும், கரண்ட்தான் கூடும். 24-26ல் வைத்து மின்விசிறியையும் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: அவுட்டோர் யூனிட்டை நானே கழுவலாமா?

பதில்: கழுவலாம். ரிமோட்டில் ஆஃப் செய்தால் போதாது, ஏசிக்கு மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்சிபி சுவிட்சை இறக்கிவிடுங்கள். சாதாரண ஹோஸ் போதும், பிரஷர் வாஷர் அடித்தால் ஃபின்கள் என்ற மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். மின்சார இணைப்புகள் இருக்கும் பக்கம் தண்ணீர் படக் கூடாது. எம்சிபி அடிக்கடி விழுந்தாலோ, ஒயர் கருகும் வாடை வந்தாலோ, அன்றே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அதுவரை ஏசியைப் போட வேண்டாம்.