வேன் ஜன்னலில் ஒரு தாழைக்கோழி

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்கு வயது 43. சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். கல்யாணமாகி வேளச்சேரிக்கு வந்து 19 வருஷம் ஆகிறது. துரைப்பாக்கத்தில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். மகள் இந்த வருஷம் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் சேர்ந்துவிட்டாள். கணவருக்கு ஷிப்ட் வேலை. திடீரென்று கையில் நேரம் இருக்கிறது, என்ன செய்வதென்று தெரியவில்லை. போனைப் பார்த்தபடியே ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமாகிவிடுகிறது. ஆரி வேலை கற்கப் போய்ப் பாதியில் விட்டேன். கீபோர்டு வாங்கி மூன்றே மாதத்தில் உறை போட்டு மூடினேன். மாடியில் வைத்த தக்காளி மாவுப்பூச்சி வந்து போயிற்று. என் தோழி கேக் செய்து விற்று நல்ல காசு பார்க்கிறாள். சின்ன வயதில் எனக்குக் கோலம் என்றால் உயிர். இப்போது ஃபிளாட்டில் வாசலே இல்லை. காசு செலவழிக்காமல் சந்தோஷப்பட இந்த ஊரில் ஒன்றும் கிடையாது. எனக்குப் பயன்படுகிற மாதிரி ஒரு பொழுதுபோக்கு சொல்லுங்கள்.
– பெயர் வேண்டாம், வேளச்சேரி

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறோம். முழுக் கடிதத்தில் 'பயன்' என்ற சொல் ஐந்து இடத்தில் வருகிறது, எண்ணிப் பார்த்தேன். ஆரி தெரிந்தால் பிளவுஸுக்குப் பயன்படும். தக்காளி குழம்புக்குப் பயன்படும். கீபோர்டு கற்றால் பிற்காலத்தில் நாலு குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் பயன்படும். கோலம் வருகிற வரி ஒன்றே ஒன்றுதான். அந்த வரியில் மட்டும் பயன் இல்லை, 'உயிர்' இருக்கிறது.

கணக்கு பார்க்கிறவர் நீங்கள், உங்கள் பாஷையிலேயே சொல்கிறேன். தொடங்கிய மூன்றுக்கும் முதல் நாளே லெட்ஜர் போட்டுவிட்டீர்கள். மூன்று மாதத்தில் லாபம் தெரியவில்லை, கடையைச் சாத்திவிட்டீர்கள். உங்களுக்குப் பொறுமை இல்லை என்று நான் நினைக்கவில்லை. 19 வருஷம் ஒருவர் சமையல், குழந்தை, ஆடிட் என்று ஓடியிருந்தால், உட்கார்ந்து ஒன்றைச் செய்யும்போது 'இதனால் என்ன ஆகப்போகிறது' என்று மனசு கேட்கத்தான் செய்யும். அந்தக் கேள்வி கேட்காத ஒரு மூலையை உங்களுக்காக ஒதுக்கிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது.

தோழியின் கேக் வேறு கணக்கு. அது அவருடைய தொழில், நன்றாக நடக்கட்டும். ஆனால் ராத்திரி 11 மணிக்கு, மறுநாள் காலை டெலிவரிக்குக் க்ரீம் உருகிவிடுமோ என்று ஃபிரிட்ஜைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது, 'இது உனக்குப் பொழுதுபோக்கா?' என்று அவரையே கேட்டுப் பாருங்கள்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 46 வயதில் எனக்கு வீணை ஆசை வந்தது. ஒரு வருஷம் ஒழுங்காகப் போனேன். அப்புறம் சொல்லிக்கொடுத்தவர், 'சின்னதாக ஒரு மேடை வைத்துக்கொள்ளலாமே, செலவு இவ்வளவுதான் ஆகும்' என்றார். மேடை என்ற சொல்லைக் கேட்டதும் விரல் மரத்துப்போயிற்று. வகுப்பை நிறுத்திவிட்டேன், வீணை நாலு வருஷம் பெட்ஷீட் போர்த்திக்கொண்டு மூலையில் இருந்தது. இப்போது சாயங்காலம் எடுத்து சரளி வரிசை மட்டும் வாசிக்கிறேன். அதற்கு மேல் போவதாக உத்தேசம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் பாவம்தான்.

சரி, கோலத்துக்கு வருவோம். வாசல் இல்லை என்கிறீர்கள். கதவுக்கு வெளியே செருப்பு ஸ்டாண்டைத் தள்ளினால் இரண்டடிக்கு இரண்டடி கிடைக்கும், ஆனால் அங்கே போடச் சொல்ல மாட்டேன். டைல்ஸில் கோலமாவு பிடிக்காது, காற்றில் பறக்கும், எதிர்வீட்டுப் பையன் சைக்கிளை அதன் மேலேயே நிறுத்துவான், பிறகு அசோசியேஷன் மீட்டிங்கில் பேச ஒரு விஷயம் சேரும். கடையில் கட்டம் போட்ட கணக்கு நோட்டு கிடைக்கும், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வைத்திருப்பது. அதில் ஒன்று வாங்குங்கள். நடு வரிசையில் ஐந்து புள்ளி, மேலும் கீழும் மூன்று, பிறகு ஒன்று. நேர்ப்புள்ளி, மொத்தம் 13. உங்கள் ஊரில் 15 புள்ளி 8 வரை இடைப்புள்ளி எல்லாம் அசராமல் போட்ட கைக்கு இது ரொம்பச் சின்னது என்று தெரியும். பரவாயில்லை, சின்னதிலிருந்தே போங்கள்.

சிக்குக்கோலமாகப் போடுங்கள். இழை புள்ளியைத் தொடக்கூடாது. இரண்டு புள்ளிக்கு நடுவில் குறுக்கே வெட்டிப் போக வேண்டும், ஓரத்துக்கு வந்தால் வளைந்து திரும்ப வேண்டும், கடைசியில் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும். சில கோலம் ஒரே இழையில் முடியும், சிலதுக்கு இரண்டு மூன்று இழை ஆகும். ஏழாவது எட்டாவது வளைவில் கை நிற்கும். இங்கேயிருந்து இடதா, வலதா? உங்கள் அம்மா வாசலில் குனிந்தபடியே, கையில் மாவோடு, ஒரு நொடி அசையாமல் நிற்பாரே, அந்த இடம்தான். அந்த ஒரு நொடியில் போன் ஞாபகம் வராது. வந்தால் எனக்கு எழுதுங்கள்.

ஒரு சமாசாரம். தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் இன்னொரு ஆய்வாளரோடு சேர்ந்து 1974-இல் கோலத்தைப் பற்றி ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார்கள். ஒரு கோலம் எந்த விதிப்படி விரிகிறது என்பதைக் கணினிக்கு ஏற்ற இலக்கணமாக எழுதிக் காட்டிய கட்டுரை அது. உங்கள் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் நடந்த வேலை. பாருங்கள், பயனைப் பற்றிப் பேசாதே என்று உங்களுக்குச் சொல்லிவிட்டு நானே கோலத்துக்குப் பட்டம் வாங்கிக் கொடுக்கிறேன். பழக்கதோஷம்.

நோட்டில் தேதி மட்டும் போடுங்கள். பக்கத்தைக் கிழிக்காதீர்கள், சிக்கிப்போன கோலமும் இருக்கட்டும். முதல் மூன்று மாதம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்காதீர்கள். வைத்தால் பத்து பேர் 'சூப்பர்' என்பார்கள், பதினோராவது ஆள் 'ஆர்டர் எடுக்கிறீர்களா?' என்று கேட்பார். மறுபடியும் லெட்ஜர் திறந்துவிடும்.

இனி உங்கள் கடிதத்தில் எனக்குக் கோபம் வந்த வரி: 'இந்த ஊரில் ஒன்றும் கிடையாது'.

வேளச்சேரியிலிருந்து துரைப்பாக்கத்துக்குக் கம்பெனி வேனில் போவதாக எழுதியிருந்தீர்கள். அப்படியென்றால் பள்ளிக்கரணையில் திரும்பி 200 அடி ரோட்டில்தானே போகிறீர்கள்? அந்த ரோடு போவது பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்கு நடுவே. 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த இடம், உலக அளவில் முக்கியமான நீர்நிலை என்று கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டது, சுமார் 1,250 ஹெக்டேர். வேடந்தாங்கலுக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். உங்களைக் கம்பெனியே தினமும் இரண்டு தடவை ஒரு பறவைக் காட்டுக்கு நடுவில் கூட்டிப்போய்க் கூட்டிவருகிறது. நீங்கள் அந்தப் பத்து நிமிஷமும் குனிந்து ரீல்ஸ் பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தப்பாகச் சொல்லியிருந்தால் மன்னிக்கவும்.

ஜன்னல் சீட்டைப் பிடியுங்கள். எல்லாப் பறவையையும் கற்க வேண்டாம், புத்தகம் வேண்டாம், பைனாகுலரும் வேண்டாம். ஒன்றே ஒன்று: நீலத் தாழைக்கோழி. நாட்டுக்கோழி அளவு இருக்கும். நீலமும் ஊதாவும் கலந்த உடம்பு, செக்கச்செவேல் என்று மூக்கும் நெற்றியும். சம்பங்கோரைக்குள் நீளநீளமான விரலை வைத்து, சேறு படாமல் புடவையைத் தூக்கிப் பிடித்து நடக்கிறவர்கள் மாதிரி நடக்கும். அடிக்கொரு தடவை வாலைத் தூக்கும், அப்போது அடியில் வெள்ளை பளிச்சென்று தெரியும். ஒரு தடவை அடையாளம் பிடித்துவிட்டால் அப்புறம் வேனின் வேகத்திலும் கண்ணில் படும். டிராஃபிக்கில் வண்டி நின்றால் இன்னும் நல்லது. இந்த ஊரில் டிராஃபிக்கைப் பார்த்து சந்தோஷப்படும் ஒரே ஆள் நீங்களாக இருப்பீர்கள்.

வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு, பிப்ரவரி வரைக்கும், பறவைகள் நிறைய இருக்கும். கூழைக்கடா பெரிய கப்பல் மாதிரி மிதக்கும். வடக்கேயிருந்து வாத்துகள் வந்து இறங்கும். சில வருஷம் பூநாரைகளும் கூட்டமாக நிற்கும். நாற்றமும் வரும், மறைக்க மாட்டேன். ஒரு பக்கம் பெருங்குடிக் குப்பைமேடு இருக்கிறது, மறுபக்கம் கட்டடங்கள் சதுப்பைத் தின்றுகொண்டே வந்திருக்கின்றன. அதைச் சொல்லாமல் விட்டால் நான் சுற்றுலாத்துறைக்கு விளம்பரம் எழுதுகிறேன் என்பீர்கள். அந்த நாற்றத்துக்கு நடுவிலும் அந்தக் கோழி இரை தேடிக்கொண்டிருக்கிறது, அதைப் பார்க்கத்தான் சொல்கிறேன்.

கணவருக்கு வாரநாளில் ஓய்வு வருகிறது, 'இரண்டு பேரும் சேர்ந்து எங்கேயும் போவதில்லை' என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஒரு நாள் அரைநாள் லீவு போட்டுவிட்டு இரண்டு பேரும் பறக்கும் ரயிலில் ஏறுங்கள். உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே ஸ்டேஷன் இருக்கிறது. பத்து இருபது ரூபாய்க்குள் முடியும் சவாரி. மதியம் மூன்று மணிக்குக் கூட்டம் இருக்காது, எதிரெதிர் ஜன்னல் கிடைக்கும். கோட்டூர்புரம் தாண்டியதும் அடையாறு ஆற்றுக்கு மேல் ஒரு நிமிஷம் போகும், அப்போது பேச்சை நிறுத்திவிட்டுப் பாருங்கள். அதற்கப்புறம் மொட்டைமாடிகள். காயப்போட்ட புடவை, வற்றல் காயும் முறம், தண்ணீர் டேங்க் மேல் உட்கார்ந்து படிக்கும் ஒரு பையன். கீழேயிருந்து பார்த்தால் எல்லாம் காம்பவுண்டு சுவர்தான், மேலேயிருந்துதான் வீடுகள் தெரியும். திருமயிலையில் இறங்கிக் குளத்தைச் சுற்றி ஒரு நடை, ஒரு காபி, திரும்பி வாருங்கள். இறங்காமல் கடைசி வரைக்கும் போய்த் திரும்பினாலும் சரிதான்.

ஜனவரியில் மயிலாப்பூர் வடக்கு மாடவீதியில் கோலப்போட்டி நடக்கும், வீதி முழுக்கப் பெண்கள் குனிந்திருப்பார்கள். தயவுசெய்து பெயர் கொடுக்காதீர்கள், வேடிக்கை பார்க்க மட்டும் போங்கள். யார் கை எங்கே தயங்குகிறது என்று உங்களுக்குத்தான் தெரியும், பக்கத்தில் நிற்பவர்களுக்குத் தெரியாது.

மகள் லீவில் வரும்போது அவளோடு செய்ய ஒன்று. ஜனவரியிலிருந்து மார்ச் வரைக்கும் பங்குனி ஆமைகள் நம் கடற்கரையில் முட்டையிட வரும். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ராத்திரி முழுக்க நடந்து அந்த முட்டைகளைக் காப்பாற்றுகிற மாணவர்கள் 1988-லிருந்து இருக்கிறார்கள், வார இறுதிகளில் பொதுமக்களையும் சேர்த்துக்கொள்வார்கள். ஏழு கிலோமீட்டர் மணலில் நடை, கால் விட்டுப்போகும். ஆமை வராமலும் போகலாம். வராவிட்டால் மகளோடு ஏழு கிலோமீட்டர் பேசிக்கொண்டு நடந்திருப்பீர்கள்.

மாவுப்பூச்சிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து சாயங்காலத்தில் அடித்தால் போதும். ஆனால் தக்காளி உங்களுக்கு நிஜமாகவே பிடிக்குமா என்று யோசித்துவிட்டு அடியுங்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். 'எதுவும் பிடிக்கவில்லை' என்பது பொழுதுபோக்கோடு நிற்கிறதா? சாப்பாடு ருசிக்கவில்லை, நடுராத்திரி விழிப்பு, காரணமில்லாத அழுகை என்று இரண்டு வாரத்துக்கு மேல் போனால் கோலநோட்டு போதாது, டாக்டரைப் பாருங்கள். நம் வயதில் தைராய்டும் ரத்தசோகையும்கூட மனசு மாதிரி வேஷம் போடும், ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். பேச மட்டும் ஆள் வேண்டும் என்றால் அரசின் மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிடுங்கள், இலவசம், தமிழில் பேசுவார்கள்.

போனை ஒழிக்கச் சொல்லவில்லை, என்னாலேயே முடியவில்லை. வேன் பள்ளிக்கரணையில் திரும்பும்போது பைக்குள் போடுங்கள், துரைப்பாக்கம் வந்ததும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வாரத்தில் எதைப் பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். ஒரு எச்சரிக்கை: அங்கே நாமக்கோழியும் இருக்கும், அதுவும் கோழி மாதிரிதான் மிதக்கும், முதலில் எல்லோரும் ஏமாறுவோம். உடம்பு கறுப்பாக, நெற்றியில் வெள்ளையாகப் பட்டை இருந்தால் அது நாமக்கோழி. உடம்பு நீலமாக, மூக்கு சிவப்பாக இருந்தால் நம்மாள்.

அன்புடன்,
அக்கா