மத்திய கிழக்கு யாருக்குக் கிழக்கு?

கேள்வி: சவூதி அரேபியாவையும் ஈரானையும் பெய்ஜிங்கில் உட்காரவைத்து சீனா சமரசம் செய்துவைத்ததே, மத்திய கிழக்கில் மேற்கின் காலம் முடிந்துவிட்டது என்று சொல்லலாமா?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: முதலில் அந்த 'மத்திய கிழக்கை'க் கீழே இறக்கி வையுங்கள். திண்டுக்கல்லிலிருந்து பார்த்தால் ரியாத் எந்தத் திசை? வடமேற்கு. அதைக் கிழக்கு என்று சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

இந்தச் சொல்லைப் பரப்பியவர் ஆல்பிரட் தாயர் மாஹன் என்ற அமெரிக்கக் கடற்படை அதிகாரி. 1902இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் எழுதினார். இந்தியாவுக்கு வரும் கடல்வழி பிரிட்டன் கையைவிட்டுப் போகாமலிருக்க பாரசீக வளைகுடாவைக் காக்க வேண்டும் என்பது அவர் கவலை. நம்மைக் கட்டியிருந்த கயிற்றின் நடுமுடிச்சுக்கு வைத்த பெயரை நாமே இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

டெல்லி வெளியுறவு அமைச்சகம் 'மேற்கு ஆசியா' என்றே எழுதுகிறது. நம் பத்திரிகைகளுக்குத்தான் வரமாட்டேன் என்கிறது. 'பழகிவிட்டது, விடுங்களேன்' என்று எனக்குக் கடிதம் போடுகிறவர்களுக்கு மறுபடியும் சொல்கிறேன்: விடமாட்டேன். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் கேட்டுப் பாருங்கள். 'மகன் சவூதியில் இருக்கிறான்', 'துபாயில் இருக்கிறான்' என்பார்கள். 'மத்திய கிழக்கில் இருக்கிறான்' என்று அங்கே எந்தத் தாயும் சொல்லி நான் கேட்டதில்லை.

தமிழில் இந்தத் திசைகளுக்குப் பெயர் கொடுத்தது மண். மலை இருக்கும் மேல்பக்கம் மேற்கு. காவிரியும் வைகையும் இறங்கி ஓடும் கீழ்ப்பக்கம் கிழக்கு. மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், நிலம் நேர்மாறாகச் சரிகிறது. ஆனாலும் மலையாளத்தில் மலை நிற்கும் உயரமான திசைக்குப் பெயர் 'கிழக்கு'தான். மண்ணே மாறினாலும் ஒட்டிய பெயர் போவதில்லை. என் பிடிவாதத்துக்குக் காரணம் அதுதான்.

இனி உங்கள் சமரசம். 2016 ஜனவரியில் ஷியா மதகுரு நிம்ர் அல் நிம்ருக்கு சவூதி அரசு மரண தண்டனை நிறைவேற்றியது, ஷியாக்கள் பெரும்பான்மையாக வாழும் ஈரானின் தலைநகர் டெஹ்ரானில் சவூதி தூதரகம் தாக்கப்பட்டது, உறவு அறுந்தது. 2023 மார்ச் 10 அன்று பெய்ஜிங்கில் அதை ஒட்டவைத்தார்கள். ஆனால் 2021 முதலே இரு தரப்பையும் பாக்தாதுக்கு அழைத்து ஐந்து சுற்று பேசவைத்தது இராக். ஓமனும் இடம் கொடுத்தது. படியேறி இறங்கிக் கல்யாணம் பேசியவர்களை மறந்துவிட்டு, மண்டபம் கொடுத்தவரை மட்டும் வாழ்த்துவது நியாயமா?

சீனாவின் பங்கைக் குறைத்துச் சொல்லவில்லை. இருவரிடமும் எண்ணெய் வாங்கும் பெரிய வாடிக்கையாளர் அது. அது கூப்பிட்டால் வரத்தான் வேண்டும். அமெரிக்கா கூப்பிட்டிருக்கவே முடியாது. 1980லிருந்து அதற்கு ஈரானோடு தூதரக உறவே இல்லை.

அதற்காக மேற்கின் காலம் முடிந்துவிட்டதா? சவூதி ரியால் 1986லிருந்து ஒரு டாலருக்கு 3.75 என்றே கட்டப்பட்டிருக்கிறது. அமெரிக்காவின் ஐந்தாவது கடற்படைப் பிரிவுக்குத் தலைமையகம் பஹ்ரைன். இவை இருக்கும்வரை முடிந்தது என்று நான் எழுதமாட்டேன்.

என் மனம் நிறைந்தது பாக்தாதை நினைத்துத்தான். 2003இல் அந்நியப் படை புகுந்து குலைத்துப்போட்ட ஊர், பதினெட்டே ஆண்டுகளில் பக்கத்து வீட்டுச் சண்டையைத் தீர்க்கத் தன் கூடத்தில் நாற்காலி போட்டது. நீங்கள் அதைக் கேட்டிருந்தால் இன்னும் நாலு பக்கம் எழுதியிருப்பேன்.