பாட்டியை எந்தப் புத்தகத்தில் தேடுவது?

கேள்வி: கொரியாவில் யாரைப் பார்த்தாலும் கிம், லீ, பார்க்தான். அங்கே ஒருவர் தன் பூர்வீகத்தை எப்படிக் கண்டுபிடிப்பார்? பாட்டி வழியையும் தேட முடியுமா? (ஒரு வாசகி, தேனி)

பதில்: முடியும். ஆனால் கிம் என்பதை மட்டும் வைத்துக்கொண்டு ஓரடி நகர முடியாது. தென்கொரியாவில் ஐந்தில் ஒருவர் கிம். எந்த ஊர்க் கிம் என்று தெரிய வேண்டும். கிம்ஹே கிம் வேறு, கியோங்ஜு கிம் வேறு. இந்த மூல ஊருக்குப் போன்குவான் என்று பெயர். குடும்பப் பெயரும் போன்குவானும் ஒன்றாக இருந்தால் கல்யாணம் செய்யக்கூடாது என்று சட்டமே இருந்தது. 1997-இல்தான் அரசியல் சாசன நீதிமன்றம் அது செல்லாது என்றது.

முதலில் அரசாங்கக் காகிதம். குடும்பத் தலைவர் பெயரில் இருந்த பழைய பதிவேட்டு முறை 2008 தொடக்கத்தில் ஒழிந்தது. ஆனால் நேரடி வாரிசுகள் அதன் நகலை உள்ளூர் அலுவலகத்தில் இன்றும் வாங்கலாம். பழைய பக்கங்கள் சீன எழுத்தில், கையால் எழுதியவை. படித்துச் சொல்ல ஆள் வேண்டும்.

அப்புறம் ஜோக்போ, அதாவது குலத்தின் வம்சாவளிப் புத்தகம். குலச் சங்கத்துக்குப் போனால் எந்தக் கிளை, தாத்தா பெயர் என்ன என்று கேட்பார்கள். பெயரே பாதி வழி காட்டிவிடும். ஒரு தலைமுறை ஆண்கள் எல்லோருக்கும் பெயரில் ஓர் எழுத்து பொது. பல குலங்களில் அது மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்ற வரிசையில் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். முன்பின் தெரியாத இருவர் பெயரைச் சொன்னதுமே, வயதில் சின்னவர் சித்தப்பா முறை என்று தெரிந்துவிடுவதும் உண்டு.

கொரியாவை முன்பு ஆண்ட ஜோசன் அரச வம்சத்தின் பிற்காலத்தில் காசு கொடுத்து ஜோக்போவில் பெயர் ஏற்றிக்கொண்டவர்கள் நிறைய. அதனால் ராஜ வம்சம் என்று இருந்தால் உடனே நம்பிவிட வேண்டாம்.

பாட்டி விஷயம்தான் எனக்கு மனசு ஆறாதது. இன்று கிடைப்பதில் மிகப் பழைய ஜோக்போ 1476-இல் ஆன்டோங் குவோன் குலத்தார் தொகுத்தது. அதில் மகன், மகள் என்று பிரிக்காமல் பிறந்த வரிசையில் எழுதினார்கள். மகள் வழிப் பேரன்களும் உண்டு. பின்னால் வந்தவர்கள் மகன்களை மேலே ஏற்றி, மகள்களைக் கீழே தள்ளிவிட்டார்கள். அதிலும் மகள் பெயர் இருக்காது, மருமகன் பெயர்தான் இருக்கும்.

ஆகவே தாத்தாவின் ஜோக்போவில், அவர் மனைவி என்ற இடத்தில் இருக்கும் போன்குவானையும் அவளுடைய அப்பா பெயரையும் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு அந்தக் குலத்தின் ஜோக்போவை எடுத்து, அந்த அப்பாவின் மருமகன்களில் தாத்தா பெயரைத் தேட வேண்டும். அது இருக்கும் இடம்தான் பாட்டியின் இடம்.